சந்தைக்குப் போகும் தெரு: இரட்டைமலை சீனிவாசன்

நாடுகாணியில் சாலை இரண்டாகப் பிரிகிறது. கூடலூரிலிருந்து வரும் சாலையின் ஒரு கிளை வழிக்கடவு, நிலம்பூர் என்று கேரளத்துக்கு மலையிறங்கிப் போகிறது. இன்னொன்று தேவாலா, பந்தலூர் பக்கம் திரும்புகிறது. பிற்பகலில் இந்தச் சாலைகளின் ஓரத்தில் பச்சைத் தேயிலைச் சாக்குகள் கிடக்கும். பக்கத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி வரும். சாக்கைத் தராசில் தொங்கவிடுவார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். விலை என்ன என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. அது பிறகுதான் தெரியும்.

நேராகத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்கள் வரும். இரண்டு சாக்குக்கு வண்டி வாடகை கட்டாது என்பது ஒன்று. நிலத்துக்குப் பட்டா இல்லை, காகிதம் கேட்கிற இடத்துக்குப் போக முடியாது என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் தாழ்ந்த குரலில் வரும். பிள்ளை படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ இலை வாங்குகிறவரிடமே முன்பணம் வாங்கியாயிற்று, அது தீரும்வரை இலை அவருக்குத்தான். இஞ்சிக்கும் நேந்திரன் வாழைக்கும் மிளகுக்கும் இதே கதைதான். பொருள் நம்முடையது. ஆனால் வாங்க ஒருவர்தான் இருக்கிறார், விலையை அவர்தான் சொல்கிறார்.

இந்தச் சிக்கலை நம் முன்னோர் இதைவிடக் கொடுமையான வடிவத்தில் அனுபவித்தார்கள். அவர்களுக்குச் சந்தை தூரமாக இருந்தது மட்டும் பிரச்சினை இல்லை. சந்தைக்குப் போகும் தெருவிலேயே நடக்க முடியாது. அந்தத் தெருவைச் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானத்தால் திறக்கவைத்தவர், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் நீலகிரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அவர் இரட்டைமலை சீனிவாசன். மேடைகளில் அவரைப் பற்றிப் பேசும்போது லண்டனில் மன்னருக்குக் கைகொடுக்க மறுத்த கதையைத்தான் அதிகம் சொல்கிறோம். அது நல்ல கதை. ஆனால் ஒரு மூட்டை இஞ்சியைச் சுமந்து நிற்பவருக்கு அவர் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த வாரம் அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இரட்டைமலை என்றதும் நீலகிரிக்காரர்களாகிய நாம் ஏதோ மலை என்று நினைத்துக்கொள்கிறோம். அது அவருடைய தந்தையின் பெயர். தாயார் ஆதியம்மாள். பிறந்த ஊர் செங்கல்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம். பிறந்த நாள் ஜூலை 7. சிப்பாய்க் கலகம் அடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வறுமையும் சாதிக் கொடுமையும் அந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுக் கிளப்பின. தஞ்சாவூர்ப் பக்கம் போனார்கள். பிறகு கோயம்புத்தூருக்கு வந்தார்கள். பிழைப்புத் தேடி ஊர் ஊராக நகர்ந்த குடும்பம் என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

கோயம்புத்தூரில் அவர் கல்லூரியில் படித்தார். அங்கே சுமார் 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள் என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். தம்முடைய சாதியும் வீடும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அதனால் கூட்டாளிகளோடு விளையாடமாட்டார். பள்ளிக்குச் சீக்கிரம் வந்தாலும் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். மாலையில் மற்றவர்கள் பிடித்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். படிப்பில் கெட்டிக்காரரான ஒரு பிள்ளை, பள்ளி முடிந்ததும் திருடனைப் போல ஓட வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் மாணவர்களில் சிலருக்கு, விடுதிப் பெயரைச் சொல்லத் தயங்கிய நாள் நினைவுக்கு வரலாம்.

படிப்பு முடிந்து அவர் நீலகிரிக்கு வந்தார். ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனங்களில் கணக்கர் வேலை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள், 1890 வரை, இந்த மலைதான் அவருக்கு வீடு.

அந்தப் பத்து ஆண்டுகள் நீலகிரியின் வரலாற்றில் சாதாரணமானவை அல்ல. இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் சாய்ந்துகொண்டிருந்தன. துரைமார்கள் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். நம் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் 1879 தொடங்கிச் சில ஆண்டுகள் தங்கம் கிடைக்கும் என்று பெரிய பரபரப்பு. லண்டனில் கம்பெனிகள் தொடங்கிப் பங்கு விற்றார்கள். காட்டுக்குள் இயந்திரங்கள் வந்து இறங்கின. தங்கம் எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. எல்லாம் சரிந்தது. சுரங்கம் தோண்டவும் காப்பிக் காடு வெட்டவும் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். மலையில் விளைந்த பொருளின் விலை லண்டனில் தீர்மானிக்கப்பட்டது. கூலி கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தில் கழிந்தது. ஒரு கணக்கருக்கு இந்த இரண்டு கணக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

நீலகிரி அவருக்கு இன்னொன்றும் கொடுத்தது. அயோத்திதாசர் இந்த மலையில் வளர்ந்தவர். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். 1870லேயே இங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கியவர். 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாட்டில் பத்துக் கோரிக்கைகள் நிறைவேறின. கல்வி, அரசு வேலை, பொதுக் கிணறு, குளம், நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தடையின்றிப் போய்வரும் உரிமை ஆகியவை அவற்றில் இருந்தன. சமவெளியின் ஊர்களில் இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்ட முடியாத காலத்தில் இந்த மலையில் கூட்ட முடிந்தது. மலையில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. லயத்துக்குள்ளும் சாதி வந்தது. ஆனால் நாட்டாமையின் கண் இங்கே கொஞ்சம் தூரத்தில் இருந்தது. அந்த இடைவெளியில் நம் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் மூச்சுவிட்டார்கள்.

சீனிவாசன் 1890இல் சென்னைக்குப் போனார். உடனே மேடை ஏறவில்லை. கிராமங்களுக்குப் போய் மக்களின் நிலையைப் பார்த்தார், கேட்டார். பிறகு பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893 அக்டோபரில் பறையன் என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதலில் மாத இதழ், சில மாதங்களில் வார இதழ். எந்தப் பெயரைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்களோ அதே பெயரை முகப்பில் அச்சிட்டார். மைத்துனர் அயோத்திதாசருக்கு இதில் உடன்பாடில்லை, அவர் வேறு பெயர்களைத் தேடினார். இருவருக்கும் இடையே அந்தக் கருத்து வேறுபாடு கடைசிவரை இருந்தது. எது சரி என்று இன்றும் நம் வீட்டுத் திண்ணைகளில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதே 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இங்கே நடத்தினால் மேல்சாதியினர் மட்டுமே அதிகாரிகளாக வருவார்கள், ஏழைச் சாதியின் மனு எந்த மேசைக்கும் போகாது என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீளமுள்ள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இந்த நிலைப்பாட்டை இன்று ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்க எத்தனை சேரிகளின் வாசலில் போய் நின்றிருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

1896இல் இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக அவர்மீது அவதூறு வழக்கு வந்தது. 100 ரூபாய் அபராதம். நீதிமன்றத்துக்கு வந்திருந்த மக்களே பணத்தைக் கட்டினார்கள். இரண்டணாப் பத்திரிகைக்கு 100 ரூபாய் என்றால் 800 பிரதிகளின் விலை.

பறையன் இதழ் வெளிவந்த ஆண்டுகள் பஞ்சமி நிலம் கொடுக்கத் தொடங்கிய ஆண்டுகளும்கூட. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். சீனிவாசன் பிறந்த மாவட்டம்தான் அது. தரிசு நிலத்தைக் கேட்டு நம் மக்கள் மனுப் போட்டாலும் மிராசுதாரர்கள் குறுக்கே நின்று தடுத்துவிடுகிறார்கள் என்பதை அவர் விவரமாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று 1010ஆம் எண் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று நில மீட்பு இயக்கங்கள் சொல்கின்றன.

நிலம் கைக்கு வந்ததும் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. கேழ்வரகோ கடலையோ காய்கறியோ விளைந்துவிட்டது. எங்கே விற்பது? சந்தை ஊருக்குள் அல்லது ஊரைத் தாண்டி இருக்கிறது. ஊர்த் தெருவில் சுமையோடு நடக்கக் கூடாது. சுற்றிப் போனால் சந்தை முடிந்துவிடும். போய்ச் சேர்ந்தாலும் மற்றவர்களோடு வரிசையில் கடை விரிக்க முடியாது. ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். வாங்குகிறவர் காசைத் தரையில் போடுவார். இந்தப் பொருளை நீங்கள் தொட்டுவிட்டீர்களே என்று விலையைக் குறைப்பார். கடைசியில் பெரும்பாலோர் என்ன செய்தார்கள்? அறுவடைக்கு முன்பே நிலக்காரரிடம் கடன் வாங்கி, அவர் களத்திலேயே அவர் சொன்ன விலைக்கு அளந்து கொட்டினார்கள். நாடுகாணிச் சாலையோரத்தில் நாம் கேட்ட மூன்றாவது பதிலின் பாட்டன் இதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் இதே நிலைதான். பறையன் இதழ் தொடங்கிய அதே 1893இல்தான் அய்யன்காளி தடைசெய்யப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிக்கொண்டு போனார். 1912இல் நெடுமங்காடு சந்தைக்குள் தம் மக்களோடு நுழைந்தார். பெரிய மோதல் நடந்தது. அங்கே தெருவுக்கும் சந்தைக்குமான போராட்டம் உடம்பால் நடந்தது. இங்கே சீனிவாசன் அதைச் சட்டத்தின் வழியாக நடத்தினார். ஆனால் அந்த இடத்துக்கு அவர் வந்துசேர நீண்ட காலம் ஆனது.

இடையில் இருபது ஆண்டுகள் அவர் நாட்டிலேயே இல்லை. 1900இல் லண்டன் போகும் எண்ணத்தோடு கப்பலேறினார். பறையன் இதழ் ஏழாண்டுகளோடு நின்றது. அவரோ ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வழக்குகள் அந்த நீதிமன்றங்களுக்குத்தான் வந்தன. காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது இவரிடம்தான் என்று சொல்வார்கள்.

1921இல் ஊர் திரும்பினார். அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1923இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்.

1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி தெருவைப் பற்றியது. எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், அதற்குத் தடை இல்லை. இதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பகுதிதான் அதிகம் பேசப்படாதது. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்கள், பொதுக் காரியங்கள் நடக்கும் இடங்கள், கட்டடங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் மற்ற சாதி இந்துக்கள் எந்த அளவு, எந்த நிபந்தனையோடு போகிறார்களோ அதே அளவு, அதே நிபந்தனையோடு தாழ்த்தப்பட்டோரும் போகலாம் என்பது அது. சட்டசபை ஏற்றது. 1924 செப்டம்பர் 25 அன்று உள்ளாட்சித் துறையின் 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. மாணவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். அதே அளவு, அதே நிபந்தனை என்கிற இடத்தில்தான் கணக்கரின் மூளை தெரிகிறது. சந்தைக்குள் வரலாம் என்று மட்டும் சொன்னால், வா, வந்து ஓரத்தில் நில் என்று சொல்லிவிடுவார்கள். மற்றவன் எங்கே கடை விரிக்கிறானோ அங்கேயே நானும் விரிப்பேன் என்பதற்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. தெருவும் கிணறும் மட்டும் மானப் பிரச்சினை, சந்தை வேறு பிரச்சினை என்று நாம் இன்று பிரித்துப் பார்க்கிறோம். அவர் பிரிக்கவில்லை.

அரசாணை வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. தடுப்பவனுக்குத் தண்டனை இல்லாத உரிமை அது. அந்தக் குறையை இன்னொரு தாழ்த்தப்பட்ட உறுப்பினர், கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆர். வீரையன் எடுத்துக்கொண்டார். அவர் முயற்சியால் 1926ஐ ஒட்டி உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, தடுப்பவருக்கு அபராதம் விதிக்க வழி வந்தது. பம்பாயில் 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானமும் இப்படிப்பட்டதுதான். அது காகிதத்திலேயே கிடந்ததால்தான் 1927இல் அம்பேத்கர் மகாத் குளத்துக்கு மக்களோடு நடந்தார்.

1930இல் லண்டனில் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்டோர் சார்பில் போனவர்கள் இருவர், அம்பேத்கரும் சீனிவாசனும். ஒருவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை, மற்றவர் எழுபதை எட்டியவர். மன்னருக்குக் கைகொடுக்க மறுத்த கதை இந்தப் பயணத்தில்தான் வருகிறது. தாம் தீண்டப்படாதவர் என்று சொல்லிக் கையை நீட்டாமல் நின்றார் என்பார்கள். அதைவிட நமக்கு முக்கியமானது, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு. தாழ்த்தப்பட்டோருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டம் என்று அதைச் சொல்லலாம். அதில் ஓர் இடத்தில் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வீடோ நிலமோ வாடகைக்கு விட மறுப்பது, கூலிக்கு வேலை கொடுக்கவோ செய்யவோ மறுப்பது, கொடுக்கல் வாங்கல், வியாபாரம் செய்ய மறுப்பது ஆகிய எல்லாவற்றையும் குற்றமாக எழுதுகிறார்கள். பர்மாவில் 1922இல் புறக்கணிப்புக்கு எதிராக ஒரு சட்டம் இருந்தது. அதன் வாசகங்களையே எடுத்துக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஏன் இது தேவைப்பட்டது? தெருவில் நட என்று சட்டம் சொன்னது. நடந்தார்கள். மறுநாள் குத்தகை நிலம் பறிக்கப்பட்டது. கூலி நின்றது. ஊர்க் கடையில் உப்பு, எண்ணெய் கொடுக்கவில்லை. பொதுப் பாதையை அடைத்தார்கள். பம்பாய் அரசு அமைத்த ஒரு குழுவே இதையெல்லாம் பார்த்து எழுதியிருந்தது, மனுவில் அதையும் சேர்த்தார்கள். அடிப்பதைவிட விற்காமலும் வாங்காமலும் இருப்பது பெரிய ஆயுதம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. விவசாயி கையில் விளைச்சல் இருக்கும்போது யாரும் வாங்காமல் நான்கு நாள் விட்டால் போதும். காய் அழுகிவிடும். பறித்த தேயிலைக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.

அடுத்து 1932இல் பூனா ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். அரசு அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் கொடுத்தது. 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமை இயலாமைகள் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1924இல் திறந்த கதவை அது இன்னும் அகலப்படுத்தியது. அடுத்த ஆண்டு, 1939இல், சீனிவாசன் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சிறு நூலாக வெளியிட்டார். கல்லூரி வாசலில் மணிக்காகக் காத்திருந்த கதையை நாம் அறிவது அதனால்தான். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். இன்று கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2000இல் அஞ்சல் தலை வந்தது.

அவரும் அம்பேத்கரும் 1930இல் கேட்டது எப்போது கிடைத்தது? 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓரளவு தொட்டது. பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்று தெளிவாக வரையறுத்து, வியாபாரம் செய்ய மறுப்பதையும் அதில் சேர்த்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாக எழுதியது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். 85 ஆண்டுகள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2001, 2002ஆம் ஆண்டுகளில் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஆய்வு நடந்தது. 35 சதவீதக் கிராமங்களில் தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் பொருள் விற்கத் தடை இருந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் தலித் வீட்டுப் பாலை வாங்க மறுப்பது ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் இருந்தது. மாடு நம்முடையது, புல் நம் நிலத்தது, பால் மட்டும் சங்கத்துக்குள் போகாது. அரசாணை வந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகான நிலவரம் இது.

நம் மலையில் பாலையோ இலையையோ தொட்டவர் சாதி பார்த்து யாரும் திருப்பி அனுப்புவதாக நாம் சொல்லவில்லை. தேயிலை ஆலையின் வாட்டும் தட்டில் எல்லார் இலையும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. இங்கே கதவு வேறு விதமாகச் சாத்தப்பட்டிருக்கிறது, அது காகிதக் கதவு. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் டேன்டீ தோட்டங்கள் தொடங்கின. கூடலூர், பந்தலூர் வட்டாரத்துக்கு வந்த அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். 1969இன் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தும், இந்த வட்டாரத்தில் பல ஆயிரம் ஏக்கரின் நிலை தீராமலே கிடக்கிறது. அந்த நிலத்தில் நாற்பது ஆண்டாகத் தேயிலை பறிப்பவருக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் இல்லை, மானியம் இல்லை. வங்கிக் கடன் இல்லாதவர் இலை வாங்குகிறவரிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கிய பிறகு அவர் சொன்னதுதான் விலை.

சிறு விவசாயிக்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீலகிரியில் இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் பக்கத்துக்குச் சாலிஸ்பரியும் பந்தலூரும் உண்டு. விவசாயிகளே உறுப்பினர்கள், அவர்களே பங்குதாரர்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்கு மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. தூள் விற்ற பணத்தை விவசாயிக்கும் ஆலைக்கும் பங்கிடும் கணக்கை வைத்து அந்த விலை வருகிறது. அறிவித்த விலைக்குக் குறைவாக ஆலை கொடுக்கக் கூடாது. கூட்டுறவு ஆலைகளிலும் பணம் தாமதமாக வருகிறது, விலை குறைகிறது என்ற புகார்கள் உண்டு, அவை நியாயமானவையே. இருந்தாலும் உறுப்பினராக இருப்பவர் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்கலாம். சாலையோரத்தில் எடை போட்டவரை எந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்பது? காய்கறிக்கு உழவர் சந்தைகள் உண்டு. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, நம் மாவட்டத்துக்கும் வந்தது. விவசாயி என்பதற்கான அடையாள அட்டை இருந்தால் தரகு இல்லாமல் விற்கலாம். அந்த அட்டைக்கும் நிலத்தின் காகிதம் கேட்பார்கள்.

சீனிவாசன் இதைப் பார்த்தால் என்ன செய்திருப்பார் என்று கற்பனை செய்வது எளிது, அதனால் அதில் இறங்கவில்லை. அவர் செய்ததை மட்டும் பார்க்கலாம். 1890களில் சேரி சேரியாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். இரண்டணாவுக்கு விவரத்தை அச்சிட்டுக் கொடுத்தார். சட்டசபைக்குப் போனதும் தெரு என்று கேட்டதோடு நிற்காமல் அதே அளவு, அதே நிபந்தனை என்று எழுதவைத்தார்.

நாடுகாணி, தேவாலாப் பகுதியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் இலை போடுகிற சீட்டுகள் கிடக்கும், பெரும்பாலும் மிச்சரில் செருகியிருக்கும் அல்லது அரிசி டப்பாவில் இருக்கும். ஒரு வருடச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் எவ்வளவு எடை, எவ்வளவு கழிவு, என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அந்த மாதம் தேயிலை வாரியம் அறிவித்த விலையை எழுதுங்கள். பத்து வீட்டுக் கணக்கு சேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வைக்கலாம். சீட்டே இல்லை, வாய்க்கணக்குதான் என்று அம்மா சொன்னால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.